பழைய ஹாஸ்டல்காரர்களைப் பேச வைப்பது எப்படி?

கல்லூரிக்குப் பொன்விழா வரும், அல்லது பேட்ச் சந்திப்பு வரும், ஒரு மலர் போடலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே வாட்ஸ்அப் குழுவில் "ஹாஸ்டல் நினைவுகளை எழுதி அனுப்புங்கள் நண்பர்களே" என்று அறிவிப்பு போகும். கும்பிடும் கைதட்டலும் நிறைய வரும், கட்டுரை நாலைந்து வரும், எதிலும் "பொற்காலம், மறக்க முடியாத நாட்கள்" என்பதைத் தாண்டி ஒரு அறையோ ஒரு ஆளோ ஒரு வேளைச் சாப்பாடோ கண்ணில் தெரியாது. எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாலு வருடம் வாழ்ந்த இடத்தைப் பற்றி மொத்தமாகக் கேட்டால் யாராக இருந்தாலும் மொத்தமாகத்தான் சொல்வார்கள்.

என் ஹாஸ்டலுக்காகவும், அப்புறம் கேட்டுக்கொண்ட வேறு சில பேட்ச்களுக்காகவும் இந்தத் திரட்டும் வேலையைச் செய்துவருகிறேன். எது பலித்ததோ அதை எழுதுகிறேன். பக்கெட், குழாய், கதவு, மெஸ் பில் என்று கையால் தொடக்கூடிய பொருள்களைப் பற்றிக் கேளுங்கள், மனிதர்கள் தானாக வருவார்கள். மேடையில் மைக் பிடிக்கிறவர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், ஹாஸ்டலின் பாதிக்கதை மேடைக்கு வராதவர்களிடம் இருக்கிறது. இந்த இரண்டைத்தான் கீழே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்

முதல் வேலை, உங்கள் ஹாஸ்டலுக்கு இதுவரை இருந்த பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுவது. அதிகாரப்பூர்வமான பெயர் ஒன்று இருக்கும், பையன்கள் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும், நடுவில் புதுக் கட்டடம் கட்டி எண் மாற்றியிருப்பார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து அங்கே தங்கிப் படித்தவர்கள் "ஹாஸ்டல்" என்று சொல்ல மாட்டார்கள், "ஹால்" என்பார்கள். சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று எந்த ஹால் என்பதைச் சொல்லித்தான் தங்களையே அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். சென்னை ஐஐடியில் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர், அங்கே படித்தவரிடம் போய் "நீங்கள் காவேரியா, கோதாவரியா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே பிடித்துக்கொள்ளும். இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் போனது 1952-ல், அங்கே ராமநாதன், அருணாசலம் என்று ஆட்களின் பெயரில் விடுதிகள், அந்தப் பெயரை வைத்தே இன்று லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளுக்கு 2025-ல் "சமூகநீதி விடுதி" என்று பெயர் மாறியது. இன்னும் இருபது வருடம் போனால் பழைய பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

பேனாவைக் கையில் கொடுங்கள்

யாரையாவது பேட்டி எடுக்கப் போனால் கேள்வித்தாளோடு போகாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. "உங்க பிளாக்கை வரைஞ்சு காட்டுங்களேன்" என்று கேளுங்கள், அவ்வளவுதான். வரையத் தெரியாது என்பார்கள். கட்டம் போட்டால் போதும் என்று சொல்லுங்கள்.

1960களில் படித்த ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் இப்படிப் பேனாவைக் கொடுத்தேன். அதற்கு முன்னால் அரைமணி நேரமாக அவர் ஒழுக்கம், கட்டுப்பாடு, அந்தக் காலத்து வார்டன்களின் தகைமை என்று பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தார். பேனா கைக்கு வந்ததும் பேச்சு நின்றது. நீளமாக ஒரு செவ்வகம், அதற்குள் வரிசையாகக் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண். பதினொன்றாம் எண் அறை மாடிப்படிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வந்தபோது கை நின்றது, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ எண்ணிவிட்டு, படிக்கட்டை அடித்துத் திருத்தி வரைந்தார். பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.

"இது என்னங்கய்யா?"

"தண்ணித் தொட்டி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மோட்டார் போடுவாங்க. ஆறுக்குள்ள குளிச்சுடணும், இல்லன்னா கலங்கல்தான்."

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரம். அதில்தான் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டுவாராம். சைக்கிள் அவருடையது இல்லை, அறை நண்பருடையது, அந்த நண்பர் இரண்டாம் வருடம் அப்பா தவறிப்போனதால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனபோது "நீ வச்சுக்கடா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சைக்கிளில்தான் இவர் டிகிரி முடித்தார். ஒழுக்கம், கட்டுப்பாடு என்று பேசிக்கொண்டே இருந்திருந்தால் இந்தச் சைக்கிள் வந்திருக்காது.

வரைந்த தாளை வாங்கி அதில் பெயர், தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே பிளாக்கை வேறு வேறு வருடத்தில் இருந்த நாலு பேர் வரைந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிணறு எப்போது மூடப்பட்டது, குளியலறை எப்போது உள்ளே வந்தது, ஒரு அறைக்கு இரண்டு பேராக இருந்தது எப்போது நாலு பேரானது எல்லாம் தெரியும். நான் பார்த்த எந்த நிர்வாக ஆவணத்திலும் இது இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

வரைந்துகொண்டிருக்கும்போது கேட்க வேண்டியவை: காலையில் கதவைத் திறந்தால் எதிரில் என்ன தெரியும்? டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலா, மேலே பரணிலா? துணி எங்கே காயப்போட்டீர்கள்? ராத்திரி விளக்கு அணைத்தபிறகு படிக்க எங்கே போவீர்கள்? கேட் பூட்டினபிறகு எந்தப் பக்கச் சுவர்?

வருடத்தை நேராகக் கேட்காதீர்கள்

"அது எந்த வருஷம்?" என்று கேட்டால் ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள், பாதி நேரம் தப்பாக இருக்கும். வேண்டுமென்றே சொல்வதில்லை, ஹாஸ்டல் நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். ஊருக்கே தெரிந்த நாட்களை முன்னால் வைத்துக் கேளுங்கள். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தபோது ஹாஸ்டலில் இருந்தீர்களா, இல்லை அதற்கப்புறம் சேர்ந்தீர்களா? அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச்சூட்டில் இறந்தது அந்த ஜனவரி 27-ல். அந்த வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள், கல்லூரிகளை மூடி ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் அதோடு சேர்ந்து வரும். அதற்கடுத்த இரண்டு வருடங்கள் அரிசிப் பஞ்சம், அந்தச் சமயத்தில் மெஸ்ஸில் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு, 1975 ஜூனில் நெருக்கடி நிலை, 1983 ஜூன் 25 உலகக் கோப்பை (ரேடியோவா, டிவியா, யார் வீட்டு டிவி?), 1984 அக்டோபர் 31 இந்திரா காந்தி கொலை, 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைவு, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2020 மார்ச்சில் ஊரடங்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். டிசம்பர் கடைசி என்றால் பாதிப் பேர் லீவுக்குப் போயிருப்பார்கள். எம்.ஜி.ஆர். இறந்த அன்று ஹாஸ்டலில் இருந்ததாகச் சொல்கிறவரிடம் "அப்ப ஏன் ஊருக்குப் போகல?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால், ஒன்று அது வேறு நாள் என்று அவரே திருத்திக்கொள்வார், இல்லை போக முடியாததற்கு ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணம் பெரும்பாலும் பஸ் காசு சம்பந்தப்பட்டதாக இருக்கும், அது தனிக் கதை.

படிப்பு முறையும் உதவும். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பு முடித்த பதினாறு வயதுப் பையன்கள் பி.யு.சி. (பட்டப்படிப்புக்கு முந்தைய ஒரு வருடப் படிப்பு) படிக்க நேராகக் கல்லூரி ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார்கள். அந்த வயதில் வீட்டை விட்டு வந்தவர்களின் முதல் ராத்திரியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று. பிரபலமான சம்பவங்களில் எல்லோரும் தாங்கள் அங்கே இருந்ததாகவே சொல்வார்கள். கேட்டுக் கேட்டுத் தன் நினைவாகவே ஆகிவிடுகிறது, பொய் என்று நினைக்காதீர்கள். "அப்ப நீங்க எங்க நின்னீங்க, பக்கத்துல யார்?" என்று மெதுவாகக் கேட்டால் தெரிந்துவிடும். பார்த்தவர் இடத்தைச் சொல்வார். கேள்விப்பட்டவர் மறுபடி கதையையே சொல்வார்.

மெஸ்ஸும் மெஸ் பில்லும்

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் "சாம்பார் தண்ணியா இருக்கும்" என்று ஆரம்பிப்பார்கள். அதை விட்டுவிட்டு "செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன?" என்று கேளுங்கள். நாற்பது வருடம் ஆனவர்கள்கூட திங்கள் முதல் ஞாயிறு வரை மூன்று வேளையையும் வரிசையாக ஒப்பிப்பார்கள், நம்பவே முடியாது. ஞாயிறு மதியம் கறிக்கு டோக்கன் எப்படி, ஞாயிறு ராத்திரி மெஸ் உண்டா, இல்லை என்றால் எந்தக் கடை, யார் கணக்கில். இந்த "யார் கணக்கில்" என்ற கேள்வியில் நிறைய நட்பு வெளியே வரும்.

காசைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தமிழ்நாட்டில் நிறைய ஹாஸ்டல்களில் டிவைடிங் சிஸ்டம்தான் இருந்தது. அந்த மாதம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டிவந்த எண்ணால் வகுப்பார்கள். செலவு 60,000 ரூபாய், கூட்டின நாட்கள் 6,000 என்றால் ஒரு நாளுக்கு 10 ரூபாய், நீங்கள் 26 நாள் சாப்பிட்டிருந்தால் 260. ஊருக்குப் போகிறவர் முன்னாலேயே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் கழியும். இதை நடத்தியது மாணவர்களே, மெஸ் ரெப் என்று ஒருவரைப் போட்டு மாதா மாதம் காய்கறி மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். பத்தொன்பது வயதில் இருநூறு பேருக்கு மூட்டை அரிசி பேரம் பேசியவர்கள் இவர்கள். இவர்களில் யாராவது பழைய கணக்கு நோட்டை இன்னும் வைத்திருப்பார்கள், பெட்டியைத் தேடச் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்குத் தாள் கிடைத்தால்கூட அரிசி, பருப்பு, விறகு விலையோடு அந்த வருடமே உங்கள் கைக்கு வந்துவிடும்.

பில் கட்ட முடியாதவர்கள் கதையையும் தேடுங்கள். நோட்டீஸ் போர்டில் பாக்கிக்காரர்கள் பட்டியல் ஒட்டியது, ஸ்காலர்ஷிப் பணம் வருடக் கடைசியில் வந்ததால் ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்பட்டது, மணியார்டருக்காகத் தபால்காரர் வரும் நேரத்தில் வகுப்பைக் கட் அடித்து ஹாஸ்டல் வாசலில் நின்றது. இவர்கள் குழுவில் எழுத மாட்டார்கள். தனியாகப் போய்க் கேட்டால் சொல்வார்கள், சொன்னபிறகு பெயர் போடலாமா என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

பந்தியைப் பற்றியும் கேளுங்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? சைவ மெஸ், அசைவ மெஸ் என்று பிரித்ததற்குள் சாதி எவ்வளவு இருந்தது? நூறு வருடத்துக்கு முன்னால் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை வைத்துத் தமிழ்நாட்டு அரசியலே திரும்பியது. உங்கள் ஹாஸ்டலிலும் அதற்கு ஒரு வரலாறு இருக்கும், அதை விட்டுவிட்டு மலர் போட்டால் அது பாதி மலர்தான்.

மாஸ்டரையும் சப்ளையரையும் விட்டுவிடாதீர்கள்

இந்த வேலையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மாணவர் மூன்று வருடம் இருப்பார், போய்விடுவார். சமையல் மாஸ்டர், சப்ளையர், வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா எல்லாம் முப்பது வருடம் அதே கட்டடத்தில் இருந்தவர்கள். அத்தனை பேட்ச்களையும் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஆனாலும் பொன்விழா மேடையில் கடைசியாக ஒரு சால்வை போடுவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது.

அவர்கள் வீட்டுக்கே போங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் காலத்தில் பதினேழு வயதுப் பையன்கள் ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஹாஸ்டல்கள் உண்டு, இப்போது போகும்போது அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். "அண்ணே", "ஐயா", "அம்மா", எது பொருத்தமோ அது. உட்கார்ந்ததும் உங்கள் பேட்ச் பெருமையை ஆரம்பிக்காதீர்கள். அவர் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், முதல் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பார், லீவு நாட்களில் சம்பளம் உண்டா, அவர் பிள்ளைகள் எங்கே படித்தார்கள். அவருடைய கதையை முதலில் கேட்டால் உங்கள் கதையைப் பின்னால் அவரே எடுப்பார்.

ஒரு பழைய சப்ளையர் எனக்குச் சொன்னது: "பேரெல்லாம் ஞாபகம் இல்ல தம்பி. தட்டை வச்சு ஆளைச் சொல்லிருவேன். சாம்பாரை அடியிலேர்ந்து ஊத்துங்கண்ணேன்னு கேக்கற பையன் ஒருத்தன், அப்பளத்தை நொறுக்கிட்டுத்தான் சோறு வாங்குவான் இன்னொருத்தன். பில் கட்டாத பையனுங்க கடைசிப் பந்திக்குத்தான் வருவாங்க, யாரும் இல்லாதப்ப. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தட்டை எடுத்து வச்சிருவேன்." அந்தக் கடைசிப் பந்தியில் சாப்பிட்ட ஒருவரைப் பிறகு தேடிப் பிடித்தேன். இப்போது பெரிய வேலையில் இருக்கிறார். இதைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது அந்தச் சப்ளையரின் விலாசத்தை.

பெண்கள் ஹாஸ்டலுக்குத் தனி வழி

இங்கே முதல் சிக்கல் ஆளைக் கண்டுபிடிப்பது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், முன்னாள் மாணவர் பட்டியலில் அப்பா இனிஷியலோடு இருக்கிறவர் முகநூலில் கணவர் பெயரோடு இருப்பார். பதிவேட்டை வைத்துத் தேடுவது வீண். ஒருவர் கிடைத்தால் அவரிடம் "உங்க ரூம்ல யாரெல்லாம், பக்கத்து ரூம்ல யாரெல்லாம், யாரோட இன்னும் பேசறீங்க?" என்று கேட்டு அப்படியே சங்கிலியாகப் போவதுதான் வழி. பேட்டி எடுப்பவர் பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கின நேரமாகப் பாருங்கள். கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்கிற கதையே வேறாகிவிடும், ஹாலை விட்டு மொட்டை மாடிக்கோ சமையலறைக்கோ போய் உட்காருங்கள். கேட்க வேண்டியவை ஆண்கள் ஹாஸ்டலுக்குக் கேட்பவை இல்லை: சாயங்காலம் கேட் எத்தனை மணிக்கு, தாமதமானால் என்ன, விசிட்டர் லிஸ்ட்டில் யார் யார் பெயருக்கு அனுமதி, கடிதம் பிரித்துப் பார்க்கப்பட்டதா, போன் வந்தால் எப்படிக் கூப்பிட்டுச் சொன்னார்கள், லோக்கல் கார்டியன் யார். எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா சொன்னார், வீட்டில் அவருக்கென்று பூட்டு வைத்த பெட்டி இருந்ததே இல்லை, ஹாஸ்டலில்தான் முதன்முதலாக ஒரு அலமாரிச் சாவி கைக்கு வந்தது, அதைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்திலேயே போட்டுக்கொண்டிருந்தாராம். ஆறு மணிக் கேட்டைப் பற்றி எவ்வளவு கோபத்தோடு பேசினாரோ அவ்வளவு ஆசையோடு அந்தச் சாவியைப் பற்றிப் பேசினார். இரண்டையும் எழுதுங்கள்.

சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்கள்

ராகிங்கைப் பற்றிக் கேட்காமல் ஹாஸ்டல் வரலாறு எழுத முடியாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைக்கு அவசரச் சட்டமும் 1997-ல் முழுச் சட்டமும் வந்தன. அதற்கு முன்னால் படித்த நிறையப் பேர் அதை வேடிக்கையாகவே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். ஒரே ராத்திரியை சீனியர் ஒரு மாதிரியும் ஜூனியர் வேறு மாதிரியும் சொல்வார். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டையும் போடுங்கள், நடுவில் நின்று சமாதானம் செய்துவைக்காதீர்கள். செய்தவர் பெயரைப் போட வேண்டாம். பட்டவர் சம்மதிக்காமல் அவர் பெயரும் வேண்டாம்.

பேராதனையில் 1983 மே மாதம் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேறினார்கள். இந்த மாதிரி அனுபவம் உள்ளவரிடம் படம் வரையச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அவர் எங்கே ஆரம்பிக்கிறாரோ அங்கேயே ஆரம்பியுங்கள், நிறுத்தினால் நிறுத்துங்கள், ரெக்கார்டரை அணைக்கவா என்று கேளுங்கள். ஹாஸ்டலில் தற்கொலை செய்துகொண்ட நண்பரைப் பற்றி யாராவது பேசினால், எப்படி என்ற விவரம் மலருக்குத் தேவையே இல்லை, அந்தக் குடும்பத்திடம் கேட்காமல் பெயரும் வேண்டாம்.

பட்டப்பெயர்கள் விஷயத்திலும் கவனம். பெயர் மறந்தவர்களைக்கூடப் பட்டப்பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் உங்கள் நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறத்தையும் சாதியையும் உடல் குறையையும் வைத்து வந்த பெயர்கள் அச்சில் வரக்கூடாது. அந்தப் பெயரோடு மூன்று வருடம் இருந்தவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பதிவு செய்வதும் படம் எடுப்பதும்

சாதாரண செல்போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுகிறவருக்கு ஒரு கை தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை அணைக்கச் சொல்லுங்கள், நம் ஊரில் பேட்டிகளைக் கெடுப்பது அந்தச் சத்தம்தான், வெயில் காலமென்றால் காலை வேளையிலேயே போய்விடுங்கள். அரை நிமிடம் பேச வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் அவர் பெயர், ஹாஸ்டல், இருந்த வருடங்கள், இன்றைய தேதி, பதிவு செய்யச் சம்மதம் என்பதை அவர் குரலிலேயே வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே கோப்புக்குப் பெயர் வைத்து, கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளையும் உடனே வெளியே எடுத்து வையுங்கள், போன் மாற்றும்போது அவைதான் முதலில் போகும்.

முதலில் ஒவ்வொருவராகப் பேசுங்கள், அப்புறம் அறை நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்து. பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்தால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அதே நாலைந்து கதைகள்தான் கிடைக்கும், சத்தமாகப் பேசுகிறவர் நினைவே எல்லோர் நினைவாகவும் ஆகிவிடும்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்தால் சின்னப் படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். பசை ஒட்டிய பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் இழுக்க வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே படம் பிடியுங்கள். குரூப் போட்டோ என்றால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர் எழுதுவதாக இருந்தால் மெல்லிய பென்சில், ஓரத்தில். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும், மை ஊறும். நிற்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள் பெயரோடு, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் மெஸ் பையன் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

அச்சுக்குப் போகும்போது

பேசினதைப் பேசினபடியே தட்டச்சு செய்யுங்கள். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலித் தமிழிலேயே இருக்கட்டும், "ஏல" என்பதை "நண்பா" ஆக்க வேண்டாம். சுருக்கலாம், வரிசை மாற்றலாம், ஆனால் சொல்லாததைச் சேர்க்கக்கூடாது. தயாரானதும் அவரிடமே படித்துக் காட்டுங்கள், எடுக்கச் சொன்ன வரியை எடுத்துவிடுங்கள். நல்ல வரியாக இருந்தால் வயிறு எரியும், எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மலரில் வராத பதிவுகளை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். கல்லூரி நூலகத்துக்கு ஒரு படி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஹாஸ்டல் மலர்கள், அச்சடித்த நோட்டீஸ்கள் கிடைத்தால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்கள் என்றால் 2005 முதல் இணையத்தில் இயங்கும் நூலகம் திட்டம் இருக்கிறது.

அச்சிடும்போது கடைசியில் நாலைந்து வெற்றுப் பக்கம் விட்டு, திருத்தம் அனுப்ப ஒரு தொலைபேசி எண்ணைப் போடுங்கள். புத்தகம் கைக்குப் போனபிறகுதான் "அது பதினொன்றாம் நம்பர் ரூம் இல்லை, பன்னிரண்டு" என்று அழைப்புகள் வர ஆரம்பிக்கும், இத்தனை நாள் பேசாதவர்கள்கூடப் பேசுவார்கள், பேட்டிக்கு மறுத்தவர் தானாக அழைப்பார். அதனால் முதல் அச்சில் குறைவாகப் போட்டு, ஆறு மாதம் கழித்து அடுத்ததைத் திட்டமிடுங்கள். முதல் அச்சின் இலவசப் படிகளை மாஸ்டர், சப்ளையர், வாட்ச்மேன் வீடுகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களில் படிக்கத் தெரியாதவர் இருந்தால், அவர் பேசிய பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.